விழா கண்ட மின்பெட்டி

மன்னார்புரத்துப் பக்கம், பெயிண்டில் கலக்கும் தின்னர் டின்களை அடுக்கிவைக்கும் ஒரு குடோன் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் காற்றே தீப்பிடிக்கும் தன்மையுடையது. ஆகவே ஒயர்களை இணைக்கும் பெட்டியை அங்கே கண்டபடி மாட்டிவிட முடியாது. உள்ளே பொறி பறந்தாலும் நெருப்பை வெளியே விடாத கனத்த பெட்டி வேண்டும். அதில் கூடுதலாக ஓர் ஓட்டை விழுந்தாலும் அப்புறம் அது வெறும் டப்பா.

லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் மலர்க்கொடி அப்படியொரு பெட்டியை மாட்டினாள். எட்டு போல்ட்டையும் முறுக்கினாள். அங்கே டின் தூக்கும் பதினோரு பேரில் அவள் கணவர் வீரமலையும் ஒருவர் என்பதால், எட்டையும் இன்னொரு முறை முறுக்கினாள்.

பாதுகாப்பு அலுவலர் பாக்கியநாதன் வந்து மேலும் கீழும் பார்த்தார்.

"பெயர்ப்பலகை எங்கம்மா?"

"எதுக்கு சார்?"

"பெட்டிக்குத் திறப்பு விழா நடத்தினது யாருன்னு நாளைக்குத் தெரிய வேண்டாமா?"

பெயர்ப்பலகைக்கு நான்கு ஓட்டைகள். அடுத்து, குத்துவிளக்கு ஏற்றுவது மரபு. தின்னருக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாதே என்றாள் மலர்க்கொடி. அலுவலர் விதிகளை மதிப்பவர், உடனே ஒப்புக்கொண்டார். கரண்ட் குத்துவிளக்கு என்று முடிவாயிற்று. அதன் ஒயருக்கு ஐந்தாவது ஓட்டை.

"ஓட்டை போட்டா குடோனே வெடிச்சிரும் சார்."

"விழா அரை மணி நேரந்தாம்மா."

மலர்க்கொடி கொஞ்சம் யோசித்தாள். "இதே மாதிரி இன்னொரு பெட்டி இருக்குங்க சார். கனெக்‌ஷன் கொடுக்காம வாசல்ல மாட்டிடறேன். எத்தனை ஓட்டை வேணும்னாலும் போட்டுக்கங்க. விளக்குக்கு டீக்கடையிலேருந்து ஒயர் இழுத்துக்கலாம்."

"வாசல்னா பந்தலும் போடலாம்," என்றார் அலுவலர், மலர்ந்து.

காந்தி மார்க்கெட்டிலிருந்து சம்பங்கி மாலை வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து நாதஸ்வரம் வந்தது. மாலை போட்ட பெட்டியோடு எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள். அந்தப் படங்களுக்கு நாமும் லைக் போட்டோம். 'மேற்படி பெட்டி பூரண பாதுகாப்புடையது' என்று சான்றிதழ் தயாராயிற்று. எதனுடனும் இணைக்கப்படாத பெட்டியைவிடப் பாதுகாப்பானது உலகில் ஏது? மலர்க்கொடி மனசாட்சிப்படியே கையெழுத்திட்டாள்.

பத்தாம் நாள் வீரமலை ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். மலர்க்கொடி வாங்கிப் படித்தாள்.

'தணிக்கையின்போது, பெயரோ சான்றிதழோ இன்றிப் பெட்டி ஒன்று குடோனுக்குள் இயங்கிவருவது கண்டறியப்பட்டது. அதனை உடனடியாக அகற்றி, வாசலில் உள்ள சான்று பெற்ற பெட்டியை அவ்விடத்தில் நிறுவி இணைப்பு வழங்குக.'

"அதுல அஞ்சு ஓட்டை இருக்குங்க," என்றாள்.

"நாங்களும் அதைத்தான் சொன்னோம். சார் சான்றிதழை எடுத்துக் காட்டினாரு." வீரமலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "உன் கையெழுத்து ரொம்பத் தெளிவா இருக்கு, கொடி."

அவள் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"உள்ளேயும் ஒரு விழா வச்சிருக்காங்க. நாங்க பதினோரு பேரும் வரிசையா நிக்கணுமாம். விளக்கு சுவிட்சைப் போட உன்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க."