சன்னல் மூலைப் பள்ளம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்தான், வீடுதான் பூமிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

சுவரில் விரிசல் கண்ட நாளிலிருந்து, வீட்டை விற்றுவிட்டு உங்கள் ஊருக்கே வந்துவிடலாம் என்று நான் சொல்கிறேன். உங்கள் அத்தையோ, "நான் செத்த பிறகு வித்துக்குங்க" என்கிறாள். அதோடு பேச்சு நின்றுபோனது. சாப்பிடக் கூப்பிடுவதென்றால் சுவரைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது" என்பாள். நானும் சுவரிடமே, "வர்றேன்" என்பேன். எங்கள் குடும்ப விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கும் சுவர், விரிசல் விடாமல் என்ன செய்யும்?

அப்போதுதான் நீங்கள் போனில் ஒரு வழி சொன்னீர்கள். "மாமா, சும்மா சண்டை போடாதீங்க. கூடத்துல மட்டம் பார்த்துக் கயிறு கட்டுங்க. ஒவ்வொரு தரைக்கல்லும் கயித்துக்கு எவ்வளவு கீழ இருக்குன்னு அளந்து கட்டத்துல போடுங்க. முப்பரிமாணத்துல புள்ளி வச்சுப் பாத்தா பள்ளம் எங்கன்னு தெரிஞ்சிடும்" என்றீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். நம் கூடம் நல்ல சதுரம்; கதவு இருக்கும் மூலைக்கு ஒரு பக்கம் சன்னல் மூலை, மறுபக்கம் என் புத்தக அலமாரி மூலை. உங்கள் அத்தை கல் கல்லாக ஸ்கேலை நட்டு எண்ணைச் சொல்ல, நான் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பினேன். பேச்சு இல்லையே, அதனால் நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்; அவள் சுவருக்கு எண் சொன்னாள்.

நீளத்துக்கு ஒரு கட்டம், அகலத்துக்கு ஒரு கட்டம், கயிற்றுக்குக் கீழே உள்ள இறக்கத்துக்கு ஒரு கட்டம். மூன்றையும் அப்படியே கொடுத்தேன். கணினி சிவப்பு எழுத்தில் வைதது. நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒழுங்கில் கல் கல்லாகப் பிரித்து, ஒரே நீள வரிசையாக்கிக் கொடுத்ததும், ஒரு பெட்டிக்குள் கொசுக்கூட்டம் மாதிரிப் புள்ளிகள் மிதந்தன. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மவுஸால் பெட்டியை மெல்லத் திருப்பினேன். சன்னல் மூலைப் புள்ளிகள் எல்லாம் கொத்தாகக் கீழே கிடந்தன. அது உங்கள் அத்தையின் மூலை. அவள் தையல் இயந்திரமும் கட்டிலும் அங்கேதான் இருக்கின்றன.

படத்தைக் காட்டினேன். சண்டை போடுவாள் என்று பார்த்தால், இயந்திரத்தைத் துணியால் துடைத்து மூடிவைத்தாள். ஆள் வைத்து அவள் சாமான்களை எல்லாம் என் புத்தக அலமாரி இருக்கும் பத்திரமான மூலைக்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமை வீட்டை விற்று எழுதிக் கொடுக்கிறேன். கோபம் மட்டும் அவளுக்கு ஆறவில்லை. நான் அலமாரிப் பக்கம் உட்கார்ந்தால் நூல்கண்டை என் காலடிக்கே உருட்டிவிடுகிறாள். அலமாரிக் கதவும் நான் சாத்தச் சாத்தத் தானாகத் திறந்துகொள்கிறது. அதுவும் அவள் கட்சி.

ஜெயித்தும் சாப்பாடு இறங்கவில்லை, மாப்பிள்ளை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் விரிசலைப் பார்த்து இல்லை. இந்த வீட்டில் ஒரு நாள் ஒருவர் மட்டும் மிஞ்சப் போகிறோம். அது நானாக இருந்தால், யாரிடம் கோபித்துக்கொள்வேன்? அதற்காகத்தான் உங்களிடம் வரப் பார்க்கிறேன். எங்களுக்கு ஓர் அறை ஒழித்து வையுங்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். நீண்ட நாள், சமதரையில் வாழுங்கள்.

இப்படிக்கு,
இறங்கிக்கொண்டிருக்கும் மாமனார்

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டப் போனபோது நூல்கண்டு மறுபடி காலடிக்கு வந்தது. பொறுக்க முடியாமல், சுவரை விட்டுவிட்டு அவளிடமே கேட்டேன், "வேணும்னே உருட்டுறியா?"

"நான் ஏன் உருட்டுறேன்? கை தவறி விழுந்தா அதுவா உங்ககிட்ட ஓடுது."

எனக்குச் சுருக்கென்றது. "அன்னிக்கு எந்தப் பக்கமா அளந்துட்டுப் போனே?"

"பெருக்குற மாதிரிதான். கதவுலேருந்து சன்னல் வரைக்கும் நேரா, அப்புறம் அடுத்த வரிசை."

நான் கதவிலிருந்து அலமாரி வரைக்கும் என்று நிரப்பியிருக்கிறேன்! நீளம் அகலமாகி, அகலம் நீளமாகி, என் மூலைப் பள்ளம் படத்தில் அவள் மூலைக்குப் போய்விட்டது. அந்தப் பள்ளத்தின் மேல்தான் இப்போது அலமாரி, இயந்திரம், கட்டில், நான் எல்லாம் இருக்கிறோம். இன்று காலை கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். "வீடு நல்லாத்தான் இருக்கு சார். சுவத்துல இருக்கறது வெறும் பூச்சு விரிசல். தரை இறங்கினது உங்க புத்தக பாரத்தாலதான்" என்றார்.

"நான் எண் சொல்லும்போது ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றாள் உங்கள் அத்தை. சுவரிடம் இல்லை, என்னிடம்.

வீட்டை விற்கவில்லை, நாங்கள் வரவும் இல்லை. கட்டிலை ஆளுக்கு ஒரு முனை பிடித்து, நேருக்கு நேராகச் சன்னலுக்கே நகர்த்தினோம். நாலு அடி வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு இவ்வளவு மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. முடிந்தால் நீங்கள் இருவரும் சீக்கிரம் ஒருமுறை வந்துபோங்கள்.