வேல்ஸ் நாட்டு நடிகரும் என் விசிட் விசாவும்

நடிப்பு அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டால் கைதட்டல் வராது. சோறு வரும். இதை எழுபத்தோரு வயதில், துபாய்ப் பக்கத்து அஜ்மானில் தெரிந்துகொண்டேன்.

மகன் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்திருந்தேன். (ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்து ஏசிகளை எண்ணுவதுதான் உத்தியோகம்.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராய்ப் போய் நாடகம் போட்டு, பட்ட பாட்டையெல்லாம் பிறகு புத்தகமாகவும் எழுதிய வேல்ஸ் நாட்டு நடிகர் ஒருவரைப் பற்றிப் படித்தேன். அவரை வைத்து ஒரு தனிநடிப்பு எழுதினேன். தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் அதை நானே நடிக்க ஆசை. செயலாளர் சாகுல் பாய் யோசித்தார்.

"மாஸ்டர், வெள்ளிக்கிழம நம்ம தொழிலாளிங்க தங்குற கேம்ப்புல போட்டுக் காட்டுங்க. நம்ம ஆளுங்க போகாம உக்காந்திருந்தா விழாவுல அரை மணி நேரம் உங்களுக்கு. போயிட்டாங்கன்னா கலாஸ், அதோட முடிஞ்சுது."

கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் அறிமுகம் சொன்னபோது இருந்தவர்கள் பதினொரு பேர்; அவர்கள் கவனமும் தட்டில். அவர் தன் கடைக்குக் கிளம்பியபின் வேலை முடிந்தவர்களோடு டூட்டி பஸ் வந்தது, கூடம் நிறைந்தது. வந்தவர்கள் கண்டது கிழிந்த கோட்டும் துணி மூட்டையுமாய் ஒரு கிழவனை.

"முதலாளி எங்களை நடுத்தெருவில் விட்டு ஓடிவிட்டான்! சாப்பிட்டு மூன்று நாளாகிறது! ஊர் போய்ச் சேர வழியில்லை!" என்று முழங்கினேன்.

கூடம் முழுக்க எழுந்து நின்றது. (விழா போயிற்று என்று நினைத்தேன்.) ஆனால் யாரும் வாசல் பக்கம் போகவில்லை. முருகேசன் என்பவர் சோற்றுத் தட்டோடு வந்தார்.

"மொதல்ல சாப்புடுங்கய்யா. பாஸ்போர்ட் எங்க?"

"அவன் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறான்." (மகனைச் சொன்னேன்.)

"என்ன விசா?"

"விசிட்."

கூடமே உச்சுக்கொட்டியது. "வேலைன்னு சொல்லி விசிட்டுல கூட்டியாந்து ஏமாத்திட்டாண்டா!"

"ஐயா, நான் நடிகன்" என்றேன்.

"இருக்கட்டும்யா. நான்கூட ஊர்ல எலக்ட்ரீசியன். இங்க சிமெண்டு மூட்டை தூக்குறேன்."

அந்த நேரம் பார்த்து மகன் காரில் வந்து இறங்கினான். "முடிஞ்சுதா? வாங்க, போலாம்."

முருகேசன் குறுக்கே நின்றார். "இவரு பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிருக்கிறது நீதானா?"

"ஆமா." (பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.)

"வயசானவரப் பட்டினி போட்டுட்டு, கூசாம வந்து நிக்கிற?"

"அவரு எங்கப்பாங்க!"

"பெத்த அப்பனையா!"

மகன் போன் போட்டு வரவழைத்த சாகுல் பாய் வந்து விளக்கியதும் கூடம் அதிரச் சிரித்தது. அவர் என்னைத் தனியே அழைத்தார். "எத்தன பேரு எந்திரிச்சாங்க, மாஸ்டர்?"

"எல்லோரும்" என்றேன். எண்ணிக்கையில் நான் பொய் சொல்வதில்லை.

என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "ஆனா ஒருத்தரும் போகலியே. அரை மணி நேரம் உங்களுக்குத்தான். அறிமுகத்த மட்டும் பாதியிலயும் ஒருக்கா சொல்லிருவோம்."

இப்போது வீட்டில் மருமகள் என் மகனைக் கூப்பிடுவதே 'ஓடிப்போன முதலாளி' என்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு முருகேசனிடமிருந்து போன் வரும்.

"ஐயா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாருங்க."

"நீங்க சொல்லாதீங்க தம்பி. போனை அவருகிட்ட குடுங்க."