இரண்டு கட்டையும் ஒரு டிரம் சிராப்பும்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். சிலருக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எனக்கு மொழிபெயர்ப்பு வரும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எதைக் கேட்டால் சந்தோஷப்படுவாரோ, அதுவாக எதையும் நொடியில் மாற்றிவிடுவேன். இந்தத் திறமையை வைத்து என் சொந்த அக்காவுக்கு நான் செய்த உபகாரத்தை எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை.

எண்பதுகளின் தொடக்கம், மலேசியா. ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் பஸ் ஏறிப் போனார்கள். ("ரப்பர மரத்துல பாத்தோம், வாளியில பாத்தோம், இப்ப வெரலு வெரலா பாக்குறோம்" என்பாள் சரசக்கா.) சரசக்கா என் கூடப் பிறந்தவள். சோதனைப் பிரிவில் வேலை. கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தூக்கிப் பிடித்து, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து நாற்பது குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், குளிரூட்டிய ஏர்கோன் அறையில். இருபத்திரண்டு வயது, கொக்கி மாட்டும் டை. வேலை நிரந்தரக் கடிதம் மாதக் கடைசியில் வரவேண்டும். பரம்பரையில் முதல் குமாஸ்தா என்பதால், கடிதம் வருவதற்கு முன்னாலேயே அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார். வெறும் சட்டம் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது கட்டைக்கு வருகிறேன். சூப்பர்வைசர் மணியம் தன் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி அடித்து, இரண்டு மரக்கட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஒரு சாண் நீளம். ஒன்று, இரண்டு என்று சிவப்பு எண். கக்கூசுக்குப் போகிறவர் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆணியில் கட்டை இல்லையென்றால் போக முடியாது. நாற்பது பெண்கள், இரண்டு கட்டை. எங்கள் அம்மா ஆயிரம் மரங்களுக்கு நடுவே யாரிடமும் கட்டை கேட்காமல் போய் வந்தவர். அம்மாவைவிடப் பெரிய இடத்துக்கு நாங்கள் முன்னேறியிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் மிஸ்டர் வோங் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு யோசனைப் பெட்டியோடு திரும்பினார். 'தொழிலாளர் மனம் திறந்தால் தொழில் வளரும். பெயர் எழுத வேண்டாம். பயம் வேண்டாம்.' தமிழில் எழுதி ஒட்டியது நான்தான். ('பயம் வேண்டாம்' என்று எழுதும்போது 'ம்' மட்டும் கொஞ்சம் கோணலாகிவிட்டது.)

பஸ்ஸில் அக்கா கேட்டாள்: "தம்பி, நெசமாவே பேரு தெரியாதா?"

"தெரியாதுலா. நாந்தானே எழுதி ஒட்டுனேன்."

"அப்ப எழுதலாம்ங்கிற?"

"தைரியமா எழுதுக்கா. நான் இருக்கேன்ல."

இந்தக் கடைசி வரியை நினைத்தால் எனக்கு இன்றும் காது சுடுகிறது.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தார்கள். முப்பத்தைந்து சீட்டு, அத்தனையும் தமிழ். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள் வேறு எதில் எழுதுவார்கள்? இதை அந்தப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. மணியத்துக்குத் தமிழ் வாயில் மட்டும்தான். டவுன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், எழுத்தைப் பார்த்தால் சீட்டைத் தலைகீழாகப் பிடிப்பார். அதனால் மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் மிஸ்டர் வோங், மறுபக்கம் மணியம், நடுவில் என் டை.

முதல் சீட்டு: 'கட்டை ரெண்டு பத்தவில்லை.' இரண்டாவது: 'கட்டைக்கு நிற்கவே நேரம் போகிறது.' மூன்றாவதின் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் பெயர் எழுதித் தந்த கை. 'எனக்கு அஞ்சாம் மாசம். அடக்க முடியவில்லை. கட்டை கேட்டால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சிரிக்கிறார். இந்தக் கட்டை வேண்டாம் ஐயா.'

"என்ன எழுதியிருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் மிஸ்டர் வோங்.

மணியம் என்னையே பார்த்தார். அந்தப் பிரிவில் அஞ்சாம் மாசக்காரி ஒருத்திதான். படித்தால் அவள் மாட்டுவாள். (அக்காவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த நிமிஷம் கண்முன் வந்தது அக்கா இல்லை, சுவரில் தொங்கும் சட்டம்தான்.) எனக்குப் பயம் வந்தது. மொழிபெயர்ப்பும் வந்தது.

"தண்ணீர் விஷயம், சார்."

"தண்ணீரா?"

"குடிக்கிற தண்ணீர், சார். வேலை நேரத்தில் குடிக்க ஏதாவது... குளிர்ச்சியாக... கொடுத்தால் நன்றாக இருக்கும் என்கிறார்கள். மற்றபடி ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்களாம்."

முப்பத்தைந்து சீட்டுக்கும் அதுதான் பொருள்.

மிஸ்டர் வோங்கின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! கெட்ட மனிதர் இல்லை அவர். திங்கட்கிழமை காலை எல்லாரையும் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மாதிரி வரிசையில் நிற்கவைத்து, "உங்கள் மனக்குரல் கேட்டது" என்றார். பத்து மணிக்கு டிரம் நிறைய சிராப் என்கிற சர்பத் தண்ணீர் வந்தது, செக்கச்செவேல் என்று, ஐஸ் மிதக்க. ஆளுக்கு ஒரு பெரிய மங்குக் குவளை நிறைய. குடிக்காமல் வைத்தவர்களிடம் மணியம் போய் நின்றார். "பாஸ் ஆசையா குடுத்தது. வேணாம்னு சொல்லக் கூடாது. குடி."

நாற்பது பெண்கள், நாற்பது குழாய், நாற்பது மங்கு சிராப். கட்டை இரண்டு.

பஸ்ஸில் அக்கா என் பக்கம் திரும்பினாள். "நாங்க எப்படா சிராப் கேட்டோம்?"

"மேலிடத்துல அவங்களா யோசிச்சிருப்பாங்கக்கா. மொதல்ல சிராப், அப்புறம் கட்டை. ஒண்ணொண்ணாத்தானே வரும்."

அவள் சன்னலோரமாகத் திரும்பி, அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மணியத்தின் மேசைக்கு முன்னால் வரிசை. அக்கா நான்காவதாக நின்றிருந்தாள். ஆணிகள் இரண்டும் காலி. ஒரு கட்டை திரும்பி வந்தது, ஒருத்தி போனாள். பிறகு வரிசை தானாக இரண்டாகப் பிரிந்து விலகியது. அக்கா மட்டும் நடுவில் நின்றாள். அவள் காலடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. குழாய்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா போய்த் துடைக்கும் துணியை எடுத்து வந்து, அவளே துடைத்தாள்.

பக்கத்தில் நின்ற முனியம்மா அக்காதான் கத்தினார்: "எங்கள என்னா மாடுன்னு நெனச்சீங்களா?"

மணியம் பதில் சொன்னது கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது. "என்கிட்ட ஏன் கத்துற? சிராப் வேணும்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க? இவ தம்பிதான் படிச்சான்!"

நாற்பது முகங்கள் கண்ணாடிப் பக்கம் திரும்பின.

வீரமான ஓர் ஆண் அப்போது என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் ஆபீஸ் கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மேல்சன்னல் வழியாகத் தப்பிக்கலாமா என்று பீங்கான் மேல் ஏறிப் பார்த்தேன். தலை போனது, தோள் போகவில்லை. டை மட்டும் சன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டு கழன்று வெளியே விழுந்தது. நிறுவனத்தை விட்டு அன்றைக்கு மானத்தோடு வெளியேறியது அது ஒன்றுதான்.

கதவு தட்டும் சத்தம். மெதுவாக, மூன்று தட்டு.

"தம்பி." அக்காவின் குரல். கோபமே இல்லை. "கட்டை வாங்கிட்டுத்தான் உள்ள போனியா?"

கதவைத் திறந்தேன். நனைந்த கைலியோடு நின்றாள். பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால், என்ன கலவரம் என்று புரியாமல், மிஸ்டர் வோங். எல்லாவற்றையும் உளறிவிட்டேன். சீட்டுகளை எடுத்துவந்து, இந்தத் தடவை எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு மிஸ்டர் வோங் கேட்ட முதல் கேள்வி: "இந்த மூன்றாவது, யார் எழுதினது?"

'பெயர் எழுத வேண்டாம்' என்ற அறிவிப்பு அவர் தலைக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது.

"நான்தான் சார்" என்றேன். வாழ்க்கையில் முதல் வீரம்.

அவர் மெதுவாக என் வயிற்றைப் பார்த்தார். எனக்கு அப்போதெல்லாம் வயிறே கிடையாது.

"சாயா துலிஸ், துவான்." நான் எழுதினேன் ஐயா. அக்கா முன்னால் வந்தாள். காய்கறிச் சந்தையில் பேரம் பேசுகிற அதே மலாயில், எத்தனை பேர், எத்தனை கட்டை, எவ்வளவு நேரம் என்று ஐந்தே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். மிஸ்டர் வோங்குக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அவளுக்கு மொழிபெயர்ப்பாளனே தேவைப்பட்டிருக்கவில்லை. அவர் அந்தக் கண்ணாடியைத் தாண்டி வந்து ஒரு தடவை அவளிடமே கேட்டிருந்தால் போதும்.

முடிவு? சிராப் நின்றது. கட்டை இரண்டு நான்கானது (சீர்திருத்தம்!). யோசனைப் பெட்டியைக் கழற்றி ஸ்டோருக்குள் போட்டார்கள். அக்காவை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த மேசையைத் தாண்டி நடக்க முடியவில்லை என்று அவளே ஒரு வாரத்தில் நின்றுவிட்டாள். என் கடிதம் மாதக் கடைசியில் சொன்னபடி வந்தது. அப்பா சட்டத்துக்குள் வைத்தார். அதற்கு எதிரே நான் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

கடைசி நாள் அக்கா சாப்பாட்டுத் தூக்கில் வைத்து இரண்டாம் நம்பர் கட்டையைத் தூக்கி வந்துவிட்டாள். இன்றும் அது அவள் வீட்டுக் குளியலறைக் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. தீபாவளிக்குப் போனால் நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும், அன்று வயிற்றில் இருந்தவன் தொடங்கி அத்தனை பிள்ளைகளும் கத்தும்: "மாமா, கட்டை!" நானும் பவ்யமாக எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவேன். கூடம் முழுக்கச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள்.

அவள் சிரித்து முடித்து வேறு பேச்சுக்குப் போகும்வரை, அந்தத் தண்ணீர்ச் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டாமென்று உள்ளே நான் குழாயைத் திறப்பதில்லை.