உங்களுக்குப் போய் விலையா!

இர்பித்,
நோன்பு இருபத்தாறு.

பாசமும் மரியாதையும் நிறைந்த நுஸ்ஹா அக்காவுக்கு, தம்பி நஸ்மி சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. குவைத்தில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே நான் சுகமாக இல்லை. காரணம், நீ அனுப்பிய மூன்று புத்திமதிகள்.

"இந்தப் பெருநாளுக்காவது நம்ம பலகாரக் கடையில வியாபாரம் நடக்கணும், இல்லேன்னா எதிர்த்த செல்போன்காரனுக்கு வித்துடலாம். யோக்கியமான கம்பெனியாப் பாத்து வெப்சைட் போடு. அவங்க முன்னாடி செஞ்ச வேலையைப் பாரு, அவங்க வாடிக்கைக்காரங்கள விசாரி, எல்லாத்தையும் எழுத்துல வாங்கு" என்று சொன்னாயா இல்லையா? அட்சரம் பிசகாமல் செய்தேன். முதல் கம்பெனிக்காரன் ஒரு பல் டாக்டர், ஒரு கல்யாண மண்டபம், ஒரு ஆட்டு வியாபாரி என்று மூன்று பேருக்குச் செய்த வெப்சைட்டைக் காட்டினான், எல்லாம் பளபளவென்று இருந்தது, மூன்று நம்பருக்கும் போன் போட்டேன், மூன்றிலும் ஒரே குரல், ஒரே இருமல்! சந்தேகம் தீரட்டும் என்று ஆட்டு வியாபாரியிடம், "டாக்டர், கடைவாய்ப்பல் வலிக்குதே" என்றேன். "கிராம்பு வச்சுக் கடிங்க" என்றான் பாவி! அடுத்த கம்பெனிக்காரனிடம் எழுத்தில் கொடு என்றால், "நமக்குள்ள எதுக்கு எழுத்து? என் மீசை மேல சத்தியம்!" என்கிறான். மழுங்கச் சிரைத்த முகம், அக்கா!

மூன்றாவதாகக் கிடைத்தவள்தான் ரவந்த். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்து, போன வருஷம் இங்கே வந்து கம்பெனி வைத்திருக்கிற பெண். நோன்பு திறந்ததும் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தேன், "வேலை முடியட்டும், அப்புறம் சாப்பிடுறேன்" என்று திருப்பித் தந்துவிட்டாள். நான் உருகிப் போய்விட்டேன். "நீங்க உங்க வாயால சொல்றதைத்தான் போடுவேன், ஒரு புள்ளி கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன்" என்று சொல்லி இரண்டு நாள் கடையிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நான் பேசுவதை எல்லாம் நோட்டில் எழுதினாள். பிறகு பதினோரு பக்கத்தை நீட்டி, "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து படித்தால் அவளைச் சந்தேகப்பட்டது போல் ஆகாதா? "உங்களை நம்பாம வேற யாரை நம்புறது!" என்று பதினோரு பக்கத்திலும் படிக்காமலே போட்டுக்கொடுத்தேன்.

முந்தாநாள் வெப்சைட் திறந்தது. பிஸ்தா வைத்த பலகாரத்தின் படத்தைப் பார்த்து நோன்பு வாயில் எச்சில் ஊறியது, அல்லாஹ் மன்னிக்கட்டும். படத்துக்குக் கீழே விலை இருக்க வேண்டிய இடத்தில் என்ன போட்டிருந்தாள் தெரியுமா? "உங்களுக்குப் போய் விலையா! எடுத்துட்டுப் போங்க, இது உங்க கடை!" ஐயோ அக்கா, யாராவது எவ்வளவு என்று கேட்டால் முதலில் நாம் சொல்கிற வார்த்தைதானே அது? அவர் மறுப்பார், நாம் மறுப்போம், மூன்றாம் தரம்தானே விலையைச் சொல்வோம்! இவள் முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டாள். நோன்பு திறப்பதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டர், அத்தனைக்கும் விலை பூஜ்யம்! தலைதெறிக்க ஓடினேன்.

"நீங்க சொன்னதுதானே? ஏழாம் பக்கம், உங்க கையெழுத்து" என்றாள்.

"அது மரியாதைக்குச் சொல்றதும்மா!"

"மரியாதைக்குச் சொன்னது எது, நிஜமாச் சொன்னது எதுன்னு நீங்க பிரிச்சுச் சொல்லலையே?"

நானூறு பேரிடம் சும்மா சொன்னேன் என்றால் ஊரில் தலை காட்ட முடியுமா? சொன்னது சொன்னதுதான். கடையில் இருந்த ரவை, நெய், பேரீச்சை, பிஸ்தா எல்லாவற்றையும் கொட்டி, இரண்டு ராத்திரியும் இரண்டு பகலும் சுட்டு அடுக்கிவிட்டேன், நாளைக்கு வந்து வாரிக்கொண்டு போவார்கள். அதோடு நம் கடை முடிந்தது. செல்போன்காரனுக்கே வித்துடு அக்கா, பத்திரத்தை அனுப்பு, அழாமல் கையெழுத்துப் போடுகிறேன். இந்த முறையாவது படித்துவிட்டுப் போடுகிறேன்.

மச்சானுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உன் வீட்டில் என்றும் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
நொந்த தம்பி நஸ்மி

பின்குறிப்பு: நோன்பு இருபத்தேழு. மேலே எழுதியதைக் கிழித்துப் போடு! பத்திரத்தை அனுப்பாதே! காலையில் முதல் ஆளாக ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். "எவ்வளவுய்யா?" என்றார். "எழுதியிருக்கே சார், உங்களுக்குப் போய் விலையா!" என்றேன். "விளையாடுறியா? நீ காசு வாங்கலேன்னா இவளுக்குத் தலாக், இது சத்தியம்!" என்று கத்தினார். பின்னால் நின்ற அவர் மனைவி பதறிப்போய், "வாங்கிக்கப்பா, நாப்பது வருஷக் குடித்தனம்!" என்றார். வாங்கினேன். வழக்கமான விலைக்கு மேலேயே கொடுத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் இன்னும் மேலே. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சண்டை போட்டுத் திணித்ததில் என் சட்டைப் பை கிழிந்துவிட்டது! மதியம் ரவந்த் பாவம் விலையைத் திருத்த வந்தாள். "தொடாதேம்மா, எழுத்துல இருக்கு!" என்று குறுக்கே விழுந்து தடுத்துவிட்டேன்.

பெருநாளுக்கு நீ கேட்ட நாலு கிலோ பலகாரத்தை குவைத் போகிற பஸ்ஸில் போட்டுவிட்டேன். விலை கேட்காதே அக்கா, உனக்குப் போய் விலையா! ஆனால் நீ குவைத்துக்குப் போய் இருபது வருஷமாகிறது, மறந்திருப்பாய். மூன்று தரம் மறுக்க வேண்டும்.