கோழிகள் தேர்ந்தெடுத்த சங்கீதம்

உலகப் பண்பாட்டு வரலாற்றில் நாமக்கல்லின் பங்கு முட்டையோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் மோகனூர் சாலையில் காளியப்பன் வீட்டு 'ரசனை அறை'யைப் பார்க்காதவர்கள். ஓர் இல்லத்தில் குடும்பத்தோடு படித்து மகிழத்தக்க ஊக்க நூல்கள் எவை, கேட்டு மகிழத்தக்க சாஸ்திரிய சங்கீத ஒலிப்பதிவுகள் எவை என்ற கேள்விக்கு அறிவியல் முறையில் விடை கண்ட ஒரே வீடு அது. விடையின் பெரும்பகுதியைக் கண்டவை கோழிகள். அதனால் அறிவியலுக்கு ஒன்றும் குறைவில்லை.

காளியப்பன் பெரிய பண்ணைக்காரர். வீட்டுக்குப் பின்னாலேயே நான்கு ஷெட் முட்டைக்கோழி. புது வீடு கட்டியபோது மாடியில் ஓர் அறை மிஞ்சியது. பூஜைக்கு ஏற்கெனவே அறை இருந்தது. உடற்பயிற்சிக்கும் இருந்தது, அதில் வெங்காயம் காய்ந்தது. மிஞ்சியதை என்ன செய்வது என்று மகன் சபரிநாதனைக் கேட்டார். அவன் கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்தவன். தன்னம்பிக்கைக் கருத்தரங்கு எங்கு நடந்தாலும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருபவன்.

"இப்பெல்லாம் பெரிய ஊடுகள்ல டேஸ்ட் ரூம்னு ஒன்னு வெக்கறாங்கப்பா. நல்ல புஸ்தகம், நல்ல சங்கீதம். சாயங்காலமானா குடும்பமா உக்காந்து ரசிக்கறது."

"ரசிச்சா?"

"மனசு நல்லாருக்கும்."

"எனக்கு நல்லாத்தானடா இருக்குது?"

"அது வர்றவங்களுக்குத் தெரியோணுமல்லங்கப்பா."

இந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை. தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் காளியப்பன். செயலாளர் சபரிநாதன். 'இலக்கிய உறுப்பினர்' நான். தமிழில் முதுகலை முடித்துவிட்டுத் தீவனக் கடையில் மூட்டைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. இருந்தும் காளியப்பன் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். படித்துவிட்டுச் சும்மா இருப்பவனை வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் கூட்டத்திலேயே ஒரு சிறு குறுக்கீடு. காபி கொண்டுவந்த சண்முகப்பிரியா தம்ளர்களை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். சபரிநாதனின் மனைவி. முறையாகச் சங்கீதம் படித்தவள். திருமணமாகி இரண்டு வருடங்களாகப் பாடவில்லை. பாடாதே என்று யாரும் சொன்னதில்லை. பாடு என்றும் யாரும் சொன்னதில்லை.

"மாமா, பைபாஸ்கிட்ட இருக்கற ஸ்கூல்ல பாட்டு டீச்சருக்கு ஆள் எடுக்கறாங்களாமுங்க. அடுத்த மாசம் மொத வெள்ளிக்கெழம இன்டர்வியூ. பாடிக் காட்டோணும். போகட்டுங்களா?"

"போ சாமி. யாரு வேண்டாங்கறா?"

"தொண்டை கட்டிக் கெடக்குதுங்க. தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடிப் பழகோணும்."

காளியப்பன் சபரிநாதனைப் பார்த்தார். சபரிநாதன் என்னைப் பார்த்தான். மாலை ஆறு முதல் ஏழு வரை 'ரசனை நேரம்' என்று சற்றுமுன்தான் தீர்மானம் நிறைவேறியிருந்தது. அந்நேரம் வீட்டில் வேறு சத்தம் கூடாது.

"அது ஊட்டுல சங்கீதம் கேக்கற நேரமல்ல சாமி. நீ பாடிட்டிருந்தா நாங்க எப்புடிக் கேக்கறது?"

பதில் நியாயமாக இருந்தது. அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் இன்னும் குடித்திருக்கவில்லை.

நூல்களை முதலில் எடுத்துக்கொண்டோம். சபரிநாதன் ஓர் அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தான். எல்லா அட்டையிலும் ஒருவர் மலையுச்சியில் கைகளை விரித்து நின்றார். எதை வைப்பது, எதை விடுவது? நான் இலக்கியத் தரம் குறித்துப் பேசத் தொடங்கினேன். காளியப்பன் கையமர்த்தினார்.

"வாத்தியாரே, புதுத் தீவனம் வந்தா என்ன பண்றோம்? நேரா எல்லா ஷெட்டுக்கும் போடுவமா?"

"மாட்டீங்க."

"ஒரு ஷெட்டுக்குப் போட்டுப் பாப்பம். முட்டை ஏறுச்சுன்னா வாங்குவம். எறங்குச்சுன்னா திருப்பி அனுப்பிருவம். புஸ்தகத்துக்கும் அதேதான்."

இப்படியாகப் 'பரிசோதனை வாசகர்' பதவிக்கு மாதேஷ் நியமிக்கப்பட்டார். பண்ணையின் மேற்பார்வையாளர். படிக்கத் தெரிந்தவர், மறுத்துப் பேசாதவர். இரண்டு தகுதியும் ஒருவரிடம் அமைவது அரிது.

முதல் நூல் அதிகாலையில் எழுவதன் மேன்மை பற்றியது. மாதேஷ் மூன்றரைக்கு எழுந்தார். எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. ஷெட்டில் விளக்கைப் போட்டார். விடிந்துவிட்டது என்று எண்ணிய கோழிகள் பகல் முழுக்கக் குழம்பி நின்றன. நூல் நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது, தலைமைப் பண்பு பற்றியது. காளியப்பன் பண்ணை ஆபீசுக்குப் போனபோது அவர் நாற்காலியில் மாதேஷ் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா இது?"

"நாப்பதாம் பக்கத்துல உக்காரச் சொல்லியிருக்குதுங்க."

நிராகரிக்கப்பட்டது.

அடுத்தது, வேண்டியதைத் தயங்காமல் கேட்கச் சொன்னது. மாதேஷ் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை லீவும் கேட்டார். குழு அவசரமாகக் கூடியது. "இது நெசமாலுமே வேலை செய்யற புஸ்தகம்" என்று சொல்லிக் காளியப்பன் அதைக் கோழி மருந்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கடைசியாகத் தடித்த நூல் ஒன்று. மாதேஷ் ஒரு வாரம் படித்தார்.

"எப்புடி?"

"நல்லாருக்குதுங்க. படிக்கறப்ப ஒடம்பெல்லாம் சிலுக்குதுங்க."

"பொறவு?"

"பொறவு ஒன்னும் இல்லீங்க. எப்பவும்போல தீவனம் போடப் போயிட்டனுங்க."

காளியப்பன் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். அந்த ஆசிரியர் எழுதிய அத்தனையும் ஒரு சுவர் நிறைய வாங்கி அடுக்கப்பட்டன. சிறந்த ஊக்க நூலுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் படித்த எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

சங்கீதத்துக்கு மாதேஷ் உதவவில்லை. அவருக்கு எல்லாப் பாட்டும் பிடித்தது. எனவே நேரடியாகக் கோழிகளை அணுகினோம். முதல் ஷெட்டில் நாதஸ்வரம். அடுத்ததில் வீணை. மூன்றாவதில் வயலின். நான்காவதில் ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதை விட்டுவைத்தோம். மாலையானால் ஒலிபெருக்கிகள் பாடின.

வீட்டிலும் அந்நேரம் அமைதி கடைப்பிடிக்கப்பட்டது. கேட்பதற்கு இன்னும் எதுவும் தேர்வாகவில்லை. பழக்கம் வரட்டும் என்று மூவரும் புது சோபாவில் உட்கார்ந்து வெறுமனே ரசித்தோம்.

முதல் நாள் மட்டும் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தோம். நாதஸ்வரம் ஒலித்ததும் கூண்டுக் கோழிகள் அத்தனையும் எழுந்து நின்றன.

"மருவாதி தெரிஞ்ச கோழி" என்றார் காளியப்பன்.

"பயமுங்க" என்றார் மாதேஷ். மறுநாள் ஓடில்லாத தோல்முட்டைகளாக விழுந்தன.

வீணைக்குக் கோழிகள் தூங்கின. தூங்குகிற கோழி தீவனம் எடுக்காது. தீவனம் மிச்சம் என்று சபரிநாதன் மகிழ்ந்தான். முட்டையும் மிச்சம் என்று அப்பா நினைவூட்டினார். வயலினுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஊக்க நூலுக்கு இந்தத் தகுதி போதும், சங்கீதத்துக்குப் போதாது என்று நான் கருத்துரைத்தேன். அது ஏற்கப்பட்டது.

மாதக் கடைசியில் மாதேஷ் மாடிக்கு வந்தார்.

"நாலாவது ஷெட்டுதானுங்க ஏறியிருக்குது. எப்பவும் நூத்துக்கு எண்பத்தெட்டு. இப்பத் தொண்ணூத்தி மூனு."

"அதுல ஒன்னுமே போடலையேய்யா?"

குழு திகைத்தது. முதலில் தெளிந்தவன் சபரிநாதன்.

"அப்ப சத்தமில்லாததுதான் பெஸ்ட்டுங்கப்பா. அமைதிக்குன்னே ரெக்கார்டிங் விக்கறாங்க. ஆன்லைன்ல வாங்கிரலாம்."

"சத்தமில்லாததுக்கு எதுக்குடா இத்தாம்பெரிய ஸ்பீக்கரு?"

"அமைதி தெளிவாக் கேக்கோணுமல்லங்க."

அமைதி வாங்குவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மாதேஷ் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, அங்க சத்தமில்லாம இல்லீங்க. சின்னம்மா தெனமும் அந்நேரத்துக்கு அங்க வந்துதான பாடறாங்க. ஊட்டுல ரசனை நேரமாமா."

மூவரும் இறங்கிப் போனோம். கூண்டு வரிசைகளுக்கு நடுவே சண்முகப்பிரியா நின்றிருந்தாள். தண்ணீர்க் குழாயில் விரல்களால் தாளம் தட்டியபடி மோகனம் பாடிக்கொண்டிருந்தாள். கோழி எச்ச நெடி மூக்கைத் துளைத்தது. கொஞ்ச நேரம் நான் அதை மறந்திருந்தேன். கோழிகள் தலையைச் சாய்த்துத் தீவனம் கொத்தின.

"எத்தன நாளா சாமி இங்க பாடற?"

"நீங்க மாடியில ரசிக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க மாமா."

"ஊட்டுக்கு இந்தப் பாட்டுத்தான்" என்றார் காளியப்பன். "செல்போன்ல பாடி ரெக்கார்டு பண்ணிக் குடுத்துரு."

"ரெக்கார்டு எதுக்குங்க? நானே மேல வந்து பாடறனே?"

மூவரும் சிரித்துவிட்டோம். பாவம், குழந்தை மனது.

"ஊட்டு ஆளு பாடறத யாராச்சும் ரசிப்பாங்களா?" என்றான் சபரிநாதன். "ரெக்கார்டுன்னாத்தான் ஒரு இது."

அவள் மாமனாரிடம் திரும்பினாள்.

"பாடித் தாரனுங்க. வெள்ளிக்கெழம என்னைய இன்டர்வியூவுக்கு உட்டுருவீங்கல்ல?"

"பாடிக் குடு. போலாம்."

ஷெட்டிலேயே பாடிக் கொடுத்தாள். அடுத்த சிக்கல் பெயர். மருமகள் கோழி ஷெட்டில் பாடியது என்று விருந்தாளிகளிடம் சொல்ல முடியுமா? சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? இங்கேதான் இலக்கியம் கைகொடுத்தது. 'பெயர் அறியப்படாத பழம்பெரும் பாடகி. அரிய பதிவு' என்று எழுதிக் கொடுத்தேன். பின்னணியில் கோழிகள் கொக்கரித்தன. பதிவின் பழமைக்கு அதுவே சான்றானது.

திறப்பு விழாவுக்குச் சாரதாமணி அம்மையாரை அழைத்தார்கள். பைபாஸ் அருகே இருக்கும் அதே பள்ளியின் தாளாளர். சங்கீத ஞானம் உள்ளவர் என்று பெயர். வெள்ளிக்கிழமை காலை இன்டர்வியூ இருக்கிறது, மாலையில் வருகிறேன் என்றார். அதனால் விழாவும் வெள்ளிக்கிழமை என்றானது.

அன்று காலை நான் போனபோது சண்முகப்பிரியா நல்ல புடவையில், தோளில் பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க சாமி கெளம்பிட்ட?" என்றார் காளியப்பன்.

"இன்டர்வியூங்க மாமா. பத்து மணிக்கு."

"இன்னிக்கா? சாயங்காலம் அம்பது பேரு வாராங்க. உங்கத்தைக்கு ஒத்தைக் கையில முடியுமா?"

"பாடிக் குடுத்தாப் போலாம்னு சொன்னீங்களே மாமா."

"பாடிக் குடுத்த. நல்லா இருந்துச்சு. இல்லைங்கல. இன்டர்வியூ அடுத்த வருசமும் வெப்பாங்க கண்ணு. ரசனை அறைய ஒருக்காத்தான் தொறப்பம்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். கலைக்காக அவள் செய்த இந்தத் தியாகத்தை வரவேற்புரையில் சேர்க்கலாம் என்றேன். உரை நீண்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

மாலையில் அம்மையார் ரிப்பன் வெட்டினார். சுவர் நிறைந்த நூல்களைப் பார்த்து மெய்சிலிர்த்தார். எதையும் எடுக்கவில்லை. பிறகு சோபாவில் சாய்ந்தார். பதிவு ஒலித்தது. கண்களை மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

"யாருங்க பாடறது?"

"பழைய ஆளுங்க. இப்ப யாருக்கும் பேரு தெரியாது" என்றார் காளியப்பன்.

"இந்தத் தொண்டை இன்னைக்கு எங்கீங்க கெடைக்குது? காலையில பாட்டு டீச்சர் இன்டர்வியூ வெச்சோம். ஒன்னும் தேறல. ஒரு பொண்ணு, படிப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வரவே இல்ல. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஆர்வமே கெடையாதுங்க."

"ஆமாங்க" என்றார் காளியப்பன்.

பஜ்ஜித் தட்டோடு அறை வாசலில் நின்ற சண்முகப்பிரியா இதைக் கேட்டாள். தட்டைப் புத்தகங்களின் மேல் வைத்தாள். பதிவு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்திலிருந்து பாடத் தொடங்கினாள். அறையில் ஒரே குரல் இரண்டாக நின்றது.

"ஸ்பீக்கர் பிரமாதமுங்க" என்றார் அம்மையார், கண் திறவாமல். "பக்கத்துலயே நின்னு பாடற மாதிரி இருக்குது. என்ன கம்பெனி?"

"ஜெர்மனிங்க" என்றான் சபரிநாதன். சத்தத்தை இன்னும் கூட்டினான்.

அவளும் கூட்டினாள்.

காளியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"சத்தம் போடாத சாமி. பாட்டுக் கேக்கறமல்ல."

மீண்டும் மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். நல்ல சங்கீதத்தை ஏன் கண்ணை மூடிக் கேட்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. திறந்து வைத்தால் பாடுகிறவளைப் பார்க்க வேண்டிவரும்.