முகமூடியை அவிழவிடாத நிலவு

வாழி அழகம்மாள்! துரைத்தனத்தார் ஆண்ட அந்நாளிலே, பசுமலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை ஏறிச்சென்று வாகை சூடியவளும், விளாங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பின்னும் அச்செழுத்தைக் கண்டால் கண்ணிமைக்க மறப்பவளுமாகிய அந்த ஏடேந்திய பெண்சிங்கத்தை வெண்டாமரையாள் முன்நின்று காக்க! எதிர்த்து நின்ற பகைவன் யார் என்றா கேட்கிறீர்கள்? தேருடையவனல்லன், கரியுடையவனல்லன், மதுரைப் புதுமண்டபத்துக் கடையில் விற்ற ஒரு மர்மக் காதல் நாவலை எழுதிய புண்ணியவான். அவனுக்கு அவசரம் என்பதே கிடையாது.

நள்ளிருள் போர்த்த மாடத்தேறி வந்த முகமூடிக் கள்வன் ஒருவன், பெட்டி நிறைந்த பொன்னையெல்லாம் விட்டுவிட்டு, சந்திரவதனி என்னும் செல்வியின் கைவளையில் ஒன்றை மட்டும் கவர்ந்தேகினான் என்பது அந்நாவல். யார் அவன்? அவள் காதலன் சுகுமாரனேதானா? அந்தோ, அந்த நல்ல பிள்ளையா திருடன்! இதை அறியாமல் அழகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகமோ நாத்தனார் சின்னத்தாயுடையது. பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அவள், அன்று பொழுது சாயுமுன் புத்தகத்தோடு வண்டியூருக்குப் புறப்படுகிறாள்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் போயிற்று என்பீர்கள். அட, நீங்கள் மாமியார் சீனியம்மாளைக் கண்டதில்லை! எழுத்தறியாத அந்த அம்மையார் அறிந்த வாசிப்பெல்லாம், வானம் பொய்த்த ஆண்டுகளில் மழை வேண்டி ஊர்ச்சாவடியில் நடக்கும் கதைப்படிப்பு ஒன்றே. மருமகள் நாவலைக் கையிலெடுத்த வேளையில் மேற்கே மேகம் திரண்டதை அவள் பார்த்துவிட்டாள். விடுவாளா? மணை போட்டு, விளக்கேற்றி, கடலை உடைக்க வந்த பெண்களைச் சுற்றிலும் அமர்த்தி, மண்ணும் விண்ணும் கேட்க முழங்கினாள்:

"ஒரு வரி விட்ராத தாயி! ஏட்டத் தாண்டுனா மழையும் நம்மூரத் தாண்டிப் போயிரும்!"

மூண்டது போர். கள்வனைச் சந்திரவதனி நந்தவனத்தில் வளைத்துக்கொண்டாள். அவன் கை முகமூடியை நோக்கி எழுந்தது! கடலை உடைத்த கைகளெல்லாம் நின்றன. அந்நேரம் பார்த்து அந்தப் பாவி எழுதினான்: 'ஆஹா! வானத்து வெண்ணிலவின் வனப்பை என்னென்பேன்!'

நிலவு காய்ந்தது, அல்லி மலர்ந்தது, குயில் கூவியது, குயிலைக் கேட்ட தென்றல் பெருமூச்செறிந்தது, இளநங்கையர் ஒழுக்கம் குறித்து ஆசிரியர் இடையே நின்று அறிவுரையும் பகர்ந்தார். கள்வனின் கையோ தூக்கியது தூக்கியபடி வலித்துக்கொண்டு நின்றது. அழகம்மாள் அல்லியைப் பாதியாய் விழுங்கினாள்.

"முழுங்காதடி! பூவு பேரு ஏதோ சொன்னியே, அத நல்லாச் சொல்லு" என்றாள் சீனியம்மாள்.

இருமல் வந்ததுபோல் இருமி இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினாள் வீராங்கனை. மாமியார் கண் அதையும் பிடித்தது. ஒருவாறு தென்றலைக் கடந்து, அறிவுரையையும் மிதித்தேறி, மீண்டும் முகமூடியின் ஓரம் வந்து சேர்ந்தபோது, பக்கத்து வீட்டு ஒச்சாயி முறத்தோடு உள்ளே நுழைந்தாள்.

"பாவம், ஒச்சாயி இப்பத்தேன் வாரா. நிலாவுல இருந்து படி, அவளும் கேக்கட்டும்" என்றாள் மாமியார்.

மறுபடி காய்ந்தது நிலவு! அழகம்மாளின் நெஞ்சு கொதித்தது. கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆயினும் அஞ்சாது, அயராது, அல்லியையும் குயிலையும் ஒருமூச்சில் வென்று, கள்வனின் விரல் முகமூடியின் முடிச்சைத் தொட்ட வரியில் அவள் காலூன்றிய கணத்திலே, வளைக்கரமொன்று குறுக்கே வந்து புத்தகத்தைப் பற்றியது.

"குடுங்க மதினி, மாடு பூட்டியாச்சு" என்றாள் சின்னத்தாய்.

"ஐயோ, ஒரே ஒரு பக்கம் சின்னத்தாயி! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"அதுல என்னத்த இருக்கு? அது சுகுமாரந்தேன். கல்யாணத்துக்கு வளவி செய்ய அளவு வேணும்னு ஒண்ண எடுத்துட்டுப் போயிருக்கான். வாரேன் ஆத்தா!"

அல்லியும் குயிலும் காவல் காக்க, ஆசிரியன் ஆற அமரப் பூட்டி வைத்திருந்த பேரிரகசியம், வாசற்படியில் செருப்பு மாட்டும் நேரத்தில் அவிழ்ந்து கிடந்தது. சுகுமாரன் நல்லவன் என்பதில் அழகம்மாளுக்கு நிம்மதிதான். அந்த முடிச்சைத் தானே அவிழ்த்திருக்கலாமே என்று வயிறும் எரிந்தது.

பிறகு எழுந்து போய் உலை வைத்தாள்.