சிக்னல் இல்லாத ரத்தம்

ரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பதித்தாற்போல் ஒட்டியிருக்கும் செல்கள், தமக்குள்ளே சிக்னல் மூலக்கூறுகளைத் தேவைக்கேற்ப உண்டாக்கி, வேலை முடிந்ததும் உடைத்துப் போட்டுவிடும். இதை எப்படிச் செய்கின்றன என்று ஆராய ஒரு விஞ்ஞானி நிதி கேட்டு மனுப் போட்டாள். 'சிக்னல்' என்ற சொல்லைக் கண்ட அலுவலகம், மனுவை உரிய மரியாதையுடன் கம்பியில்லாத் தொடர்புத் துறைக்கு அனுப்பிவைத்தது.

மூன்று மாதம் கழித்து, கையில் மீட்டரோடு ஒரு சோதனை அதிகாரி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"செல்லெல்லாம் எங்கம்மா?"

"இந்தத் தட்டுல இருக்கு சார். பத்து லட்சம்."

"பத்து லட்சமா! ஒண்ணுகூட அடிக்கலையே? சைலன்ட்ல போட்டிருக்கீங்களா?"

"அந்த செல் இல்ல சார், இது உயிருள்ள செல். சிக்னல் உள்ளுக்குள்ளேயே ஓடும். வெளிய வராது."

அதிகாரி தட்டின்மேல் மீட்டரைப் பிடித்தார். முள் அசையவில்லை. 'மேற்படி செல்களில் சிக்னல் ஏதும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதி முத்திரை குத்தினார். தொல்லை விட்டது என்று அவள் அதை மனுவோடு இணைத்தாள்.

பதில் வந்தது: 'இல்லை எனச் சான்றளிக்கப்பட்ட ஒன்றை ஆராய விதிகளில் இடமில்லை.'

நிதி அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஓடினாள்.

"சார், ஊட்டக் கரைசல் தீர்ந்துபோச்சு. நாளன்னைக்கு எல்லா செல்லும் செத்துடும்."

அவர் இளகிய மனசுக்காரர். "அட, இதுக்கா அழறீங்க? தலைப்பை மாத்துங்கம்மா. 'செல்களில் சிக்னல் இல்லாமைக்கான காரணங்கள்'. இன்னைக்கே பாஸ் பண்றேன்."

அவள் தலைப்பை அடித்து மாற்றி எழுதினாள். தட்டில் கிடந்த பத்து லட்சம் உயிர்களை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கேட்டதைவிட இரண்டு மடங்கு நிதி வந்தது.

கூடவே பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். 'சிக்னல் இல்லாத ரத்தம்: பெண் விஞ்ஞானி சாதனை!' ஒரே மாதத்தில் உடற்பயிற்சிக் கூடங்களில் சிக்னல் நீக்கும் வகுப்பு தொடங்கியது. சிக்னல் நீக்கிய தண்ணீர்ப் பாட்டில் கடைக்குக் கடை தொங்கியது. குடித்தவர்கள் உடம்பு லேசாகிவிட்டது என்றார்கள். அவள் மறுப்பு எழுதிக் கொடுத்தாள். அது தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனாள். அம்மா ஒரு நீலப் பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள்.

"குடிடி. முகமெல்லாம் வாடிக் கிடக்கு."

"ஐயோ அம்மா! செல்லுல சிக்னல் நின்னுபோனா ரத்தக் குழாயே ஒழுக ஆரம்பிச்சுடும். எந்த மடையன் பேச்சைக் கேட்டு இதை வாங்கினே?"

அம்மா பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். லேபிளில், வெள்ளைக் கோட்டுடன் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.